பக்கவாதத்துக்குப் பின் மூளைத் தூண்டலும் கைப்பயிற்சியும்: எதை எப்போது செய்வது? வீட்டாருக்கான முழு வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர் பக்கம் வீடு வீடாகப் போய்ப் பக்கவாதம் வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. கொஞ்ச காலமாகப் பல வீடுகளில் ஒரே கேள்வி வருகிறது: "தலையில கரண்ட் வச்சா கை வந்துடுமாமே, சிங்கப்பூர்ல இருக்கிற தம்பி சொல்றான், போகலாமா?" போகலாம். ஆனால் போகிறவர்களில் பலர் தூண்டலை மட்டும் வாங்கிக்கொண்டு பயிற்சியை விட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். பணமும் போய், மனசும் விட்டுப்போகிறது.

தூண்டல் எந்த அசைவையும் கற்றுக்கொடுக்காது. மூளையில் அசைவுக்கான பகுதியைக் கொஞ்ச நேரத்துக்கு இளக்கிவைக்கும், அவ்வளவுதான். அந்த நேரத்தில் கை என்ன வேலை செய்கிறதோ அதுதான் பதியும். காரில் தூங்கிக்கொண்டு வீடு திரும்பினால் பதிவதற்கு ஒன்றும் இல்லை. கீழே உள்ள எல்லாப் படிகளும் இந்த ஒரு காரணத்தால்தான் இந்த வரிசையில் இருக்கின்றன.

1. எந்தக் "கரண்ட்" என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்

ஊரில் நாலு வேறு சிகிச்சைகளுக்கு ஒரே பெயர் வழங்குகிறது. கையிலும் காலிலும் பட்டை ஒட்டித் தசையைத் துடிக்க வைப்பது ஒன்று. அது தசைக்கு, மூளைக்கு இல்லை. மனநோய்க்குத் தரும் ஷாக் ட்ரீட்மென்ட் இன்னொன்று. அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. இந்தப் பயத்திலேயே வர மறுக்கிற ஆச்சிமார் இருக்கிறார்கள். ஆகவே கிளம்புவதற்கு முன்பே அவர்களுக்கு இதைச் சொல்லிவிடுங்கள்.

பக்கவாதத்துக்கு நம் பக்கத்து நகரங்களில் கேள்விப்படுவது இரண்டு. முதலாவது டி.டி.சி.எஸ். உப்புத் தண்ணீரில் நனைத்த இரண்டு ஸ்பாஞ்சுகளைத் தலையில் வைத்து, 1 முதல் 2 மில்லி ஆம்பியர் அளவுக்கு மெல்லிய நேர்மின்சாரத்தைப் பெரும்பாலும் 20 நிமிடம் செலுத்துவார்கள். ஊறல், லேசான குறுகுறுப்பு, அவ்வளவுதான் தெரியும்.

இரண்டாவது ஆர்.டி.எம்.எஸ்., சுருக்கமாக டி.எம்.எஸ். எட்டு வடிவச் சுருளைத் தலைக்கு மேல் பிடித்துக் காந்தத் துடிப்புகளைக் கொடுப்பது. டக் டக் என்று சத்தமாகக் கேட்கும். காதில் அடைப்பு வைக்க வேண்டும். நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் அந்தப் பகுதியை அடக்கும். நொடிக்கு 5 அல்லது அதற்கு மேல் என்றால் தூண்டும்.

இவை தவிர, கழுத்தில் வேகஸ் நரம்பில் கருவி பதித்து, நோயாளி கையை அசைக்கும் ஒவ்வொரு தடவையும் அரை நொடி துடிப்பு கொடுக்கும் முறையும் இருக்கிறது. அமெரிக்காவில் 2021-இல் அனுமதி பெற்றது. அறுவை சிகிச்சை தேவைப்படுகிற விஷயம் என்பதால் இந்தக் கட்டுரையில் அதற்குள் போகவில்லை.

எந்தக் கருவி என்பதைப் பொறுத்துப் பயிற்சியின் நேரம் மாறும். டி.டி.சி.எஸ். என்றால் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பயிற்சியைத் தொடங்கலாம். டி.எம்.எஸ். என்றால் தலையை அசைக்கக் கூடாது. ஆகவே முடிந்த கையோடு பயிற்சி. இந்த ஒரு கேள்வியை போனிலேயே கேட்டுவிடுங்கள்: "தூண்டல் கொடுக்கிற அதே இடத்தில் பயிற்சிக்கும் ஆள் இருக்கிறார்களா?" இல்லை என்றால் நான் அந்த இடத்துக்கு அனுப்ப மாட்டேன்.

2. யாருக்கு ஆகாது

நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது பழைய ஸ்கேன், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கீழ்க்கண்டவை ஏதாவது இருந்தால் அவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்லிவிட வேண்டும்: வலிப்பு வந்த வரலாறு, பேஸ்மேக்கர், தலைக்குள் கிளிப் அல்லது உலோகத் தகடு, காது கேட்பதற்காக உள்ளே பதித்த கருவி, மூளை வீக்கத்துக்காக மண்டையோட்டின் ஒரு பகுதியை எடுத்திருப்பது, தலைத்தோலில் புண், கர்ப்பம்.

மண்டையோடு எடுத்த விஷயத்தை வீட்டார் பலர் சொல்ல மறக்கிறார்கள். முடி வளர்ந்து மூடிவிட்டால் வெளியே தெரியாது. எலும்பு இல்லாத இடத்தில் மின்சாரம் வேறு வழியாக, வேறு அளவில் உள்ளே போகும். போட்ட கணக்கெல்லாம் தவறிவிடும்.

மருந்துகளையும் பாருங்கள். வலிப்புக்கோ நரம்பு வலிக்கோ தரும் கார்பமாசெபின், தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் தரும் சில மாத்திரைகள் ஆகியவை டி.டி.சி.எஸ். பலனைக் குறைக்கவோ மாற்றவோ கூடும். அதற்காக நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். அது ஆபத்து. சீட்டைக் காட்டுங்கள், முடிவை மருத்துவர் எடுக்கட்டும்.

இன்னொன்று. இணையத்தில் டி.டி.சி.எஸ். கருவி விற்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். பாசத்தில் செய்வதுதான், ஆனாலும் வீட்டில் தானாக வைத்துக்கொள்ளக் கூடாது. இடம் மாறினால், ஸ்பாஞ்ச் காய்ந்தால் தோல் வெந்துபோகும். பக்கம் மாறினால் பலனே தலைகீழாகலாம்.

3. எப்போது தொடங்குவது, எவ்வளவு எதிர்பார்ப்பது

பக்கவாதம் வந்த முதல் 24 மணி நேரத்தில் எழுப்பி அதிகமாக நடக்க வைப்பது நல்லதல்ல. 2,104 பேரை வைத்துச் செய்து 2015-இல் வெளியான அவெர்ட் ஆய்வில் அது பலனைக் குறைத்தது. அதற்காக மாதக்கணக்கில் படுக்க வைப்பதும் தப்பு. மூளை அதிகம் மாறக்கூடிய காலம் முதல் மூன்று மாதம். எண்ணெய்த் தேய்ப்பு, புறா ரத்தம் என்று அந்த மாதங்களைக் கழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகிறது. எண்ணெய் தேய்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. பயிற்சிக்குப் பதிலாக அது ஆகாது.

எதிர்பார்ப்பைப் பற்றி நேராகவே பேசுவோம். அமெரிக்காவில் 199 பேரை வைத்துச் செய்து 2018-இல் வெளியான நிச் ஆய்வில், ஒரு குழுவுக்கு உண்மையான டி.எம்.எஸ்., இன்னொரு குழுவுக்குப் பொய்த் தூண்டல். இரண்டு குழுவுக்கும் ஒரே கைப்பயிற்சி. கடைசியில் இரண்டிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குப் பேருக்குக் கை குறிப்பிடத்தக்க அளவு தேறியது. குழுக்களுக்கிடையே வித்தியாசம் இல்லை. டி.டி.சி.எஸ். பற்றிப் பல ஆய்வுகளை ஒன்றுதிரட்டி எடைபோட்ட காக்ரேன் அமைப்பின் தொகுப்பாய்வுகளும், அன்றாட வேலைகளில் ஓரளவு பலன் இருக்கலாம் என்ற அளவில்தான் நிற்கின்றன.

இதைப் படித்துவிட்டு "அப்போ வேண்டாமா?" என்று கேட்பீர்கள். சிலருக்குக் கூடுதல் உதவி கிடைக்கிறது. முக்கியமாக, மூளையிலிருந்து கைக்குப் போகும் பாதை கொஞ்சமாவது மிஞ்சியிருப்பவர்களுக்கு. ஆனால் அந்த ஆய்வில் இரண்டு குழுவையும் தேற வைத்தது எது என்று பாருங்கள். பயிற்சிக்கு ஆள், இடம், நேரம் ஏற்பாடு செய்ய முடிந்தால் தூண்டலைச் சேர்த்துப் பாருங்கள். தூண்டலுக்கு மட்டும்தான் பணம் இருக்கிறது என்றால், அந்தப் பணத்தைப் பயிற்சிக்குச் செலவிடுங்கள்.

4. கிளம்புவதற்கு முன் கையை அளந்து எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அளக்காமல் போனால் இரண்டு வாரம் கழித்து "கொஞ்சம் பரவாயில்லைபோல இருக்கு" என்பதைத் தவிர யாராலும் ஒன்றும் சொல்ல முடியாது.

முதலில், கையை மேசையில் வைத்து மணிக்கட்டைத் தூக்கச் சொல்லுங்கள். விரல்களை விரிக்கச் சொல்லுங்கள். மணிக்கட்டு 20 டிகிரியும் விரல்கள் 10 டிகிரியும் மேலே வந்தால், நல்ல கையைக் கட்டிப்போட்டு வராத கையை வேலை வாங்கும் முறைக்கு அவர் தகுதி. அசைவே இல்லை என்றால் திட்டம் வேறு. அப்போது தோள், முழங்கை, தசைத் தூண்டல் என்றுதான் தொடங்க வேண்டும்.

அப்புறம் பல்லாங்குழி. வளவுக்குள் எங்காவது ஒரு பலகை கிடக்கும். ஒரு குழியில் புளியங்கொட்டைகளைப் போட்டு, வராத கையால் ஒவ்வொன்றாக எடுத்து எதிர்க்குழியில் போடச் சொல்லி ஒரு நிமிடம் எண்ணுங்கள். எண்ணிக்கையையும் தேதியையும் எழுதுங்கள். பக்கவாட்டிலிருந்து போனில் ஒரு வீடியோ. எப்போதும் அதே நாற்காலி, அதே உயரம், அதே வெளிச்சம்.

மூன்றாவது, அவருக்கு எது வேண்டும் என்று அவரிடமே கேளுங்கள். மகனிடமோ மருமகளிடமோ இல்லை. ஒரு ஆச்சி, "சோத்தைப் பிசைஞ்சு என் கையால சாப்பிடணும்" என்றார். ஒரு ஐயா வேட்டியைத் தானே இறுக்கிக் கட்ட வேண்டும் என்றார். இரண்டுக்கும் பயிற்சி வேறு வேறு. பிசைவதற்கு விரல் நுனியும் கட்டைவிரலும். வேட்டி கட்ட இரண்டு கையும் இடுப்புக்குப் பின்னால் போக வேண்டும்.

5. தங்குவதற்கு முதலில் ஏற்பாடு செய்யுங்கள்

வழக்கமாகத் திங்கள் முதல் வெள்ளி வரை, இரண்டு வாரம், 10 அமர்வு. சில இடங்களில் கூடுதலாகவும் சொல்வார்கள். காரைக்குடியிலிருந்து மதுரையும் திருச்சியும் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். தினமும் போய்வரலாம் என்றுதான் எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். வேண்டாம்.

காரணம் இரண்டு. விடியற்காலை நாலு மணிக்கு எழுப்பிக் கூட்டிப்போனால் தூக்கம் கெடும். தூக்கமின்மை டி.எம்.எஸ். எடுப்பவர்களுக்கு வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும். இரவுத் தூக்கத்தில்தான் அன்று கற்ற அசைவு பதிகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, இரண்டு மணி நேரப் பயணத்தில் களைத்து உட்காருகிறவரால் நூற்றுக்கணக்கான முறை கையைத் தூக்க முடியாது.

அந்த இரண்டு வாரமும் சொந்தக்காரர் வீட்டிலோ நகர விடுதியிலோ தங்குங்கள். கீழ்த்தளத்து அறை, மேல்நாட்டுக் கழிப்பறை, கைப்பிடி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். கூட இருக்கப்போகிறவர் ஒரே ஆளாக இருப்பது நல்லது. தினம் ஒரு ஆள் மாறினால் நேற்று என்ன செய்தார்கள் என்று யாருக்கும் தெரியாது.

6. அன்று காலை

முந்தின நாள் இரவே தலைக்குக் குளித்துவிட வேண்டும். சீயக்காயோ ஷாம்பூவோ, எண்ணெய்ப் பசை துளி இருக்கக் கூடாது. நம் வீடுகளில் இதுதான் பெரிய தடை. உடம்பு சரியில்லாதவருக்குச் சூடு தணிய வேண்டும் என்று உச்சியில் எண்ணெய் வைத்து அனுப்பிவிடுவார்கள். எண்ணெய் இருந்தால் டி.டி.சி.எஸ். மின்சாரம் சீராக இறங்காது. கருவி தடை அதிகம் என்று காட்டும், அல்லது ஒரே புள்ளியில் குவிந்து சுடும்.

நெற்றியைத் துடைத்துவிடுங்கள். ஒரு ஸ்பாஞ்ச் பெரும்பாலும் எதிர்ப்பக்கப் புருவத்துக்கு மேல்தான் உட்காரும். விபூதி, சந்தனம், குங்குமம் எல்லாம் அங்கேதான் இருக்கும். முடிந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம் என்று முன்பே சொல்லிவிட்டால் மனக்குறை வராது. ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்தால் போதும். தேய்த்துச் சிவக்க வைத்தால் அந்த இடத்தில்தான் எரியும்.

டி.எம்.எஸ். என்றால் தோடு, மூக்குத்தி, ஹேர்பின், காது கேட்கும் மெஷின், கண்ணாடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். வைரத்தோட்டைக் கழற்றுவது சில ஆச்சிமாருக்குப் பெரிய விஷயம். திருகு இறுகிப்போயும் இருக்கும். வீட்டிலேயே கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வாருங்கள், ஆஸ்பத்திரியில் போராட வேண்டாம். போன், ஏ.டி.எம். கார்டு, வாட்ச் எதையும் சுருள் பக்கம் கொண்டுபோகாதீர்கள், கெட்டுவிடும்.

சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வழக்கம்போல. கிளம்பும்போது ரத்த அழுத்தம் பாருங்கள். மேல் அளவு 180, கீழ் அளவு 110 என்பதைத் தாண்டினால் அன்று பயிற்சி வேண்டாம், மருத்துவரிடம் பேசுங்கள். இன்சுலின் போடுகிறவருக்குச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்ட பிறகே தொடங்க வேண்டும்.

7. தூண்டல் நேரத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியவை

வலது கை வரவில்லை என்றால் பாதிப்பு மூளையின் இடது பக்கம். டி.டி.சி.எஸ்.ஸின் இரண்டு ஸ்பாஞ்சுகளில் ஒன்று தூண்டும் முனை, மற்றது அடக்கும் முனை. தூண்டும் முனையை வழக்கமாகப் பாதித்த பக்கம் வைப்பார்கள். அடக்கும் முனையை நல்ல பக்கத்தில் வைக்கும் முறையும் உண்டு. ஒரு பக்கம் அடிபட்டபின் நல்ல பக்கம் அதை அளவுக்கு மீறி அழுத்துகிறது என்ற கருத்தில் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் பாதிப்பு மிகப் பெரிதாக இருப்பவருக்கு அந்த நல்ல பக்கம்தான் ஊன்றுகோலாக இருக்கும், அதை அடக்கினால் நஷ்டம். ஆகவே "எந்தப் பக்கம், எதற்காக?" என்று கேட்பதில் தவறே இல்லை. நல்ல மருத்துவர் ஒரு நிமிடத்தில் விளக்கிவிடுவார்.

இடத்தை டேப் வைத்து அளக்கிறார்களா என்று பாருங்கள். இரண்டு கண்களுக்கும் நடுவே மூக்கு தொடங்குகிற பள்ளத்திலிருந்து பின்மண்டை முடிச்சு வரை ஒரு அளவு, காதிலிருந்து காது வரை ஒரு அளவு. இரண்டும் பாதியில் சந்திக்கிற உச்சியிலிருந்து, காதை நோக்கி அந்தக் காது-காது நீளத்தில் ஐந்தில் ஒரு பங்கு இறங்கினால் கைக்கான பகுதி. தினமும் அளக்க வேண்டும். கண் மதிப்பில் வைத்தால் நேற்று ஒரு இடம், இன்று ஒரு இடமாகிவிடும்.

ஸ்பாஞ்ச் ஈரமாக இருக்க வேண்டும், சொட்டக் கூடாது. சொட்டினால் மின்சாரம் முடி வழியே பரவிவிடும். நம் வெயிலில், மேலே மின்விசிறி சுற்றினால் சீக்கிரம் காயும். பாதி நேரத்தில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். ஊறல் சரி. ஊசி குத்துவதுபோலச் சுட்டால் உடனே சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்வது இங்கே நல்ல குணமில்லை. பேச்சு வராதவராக இருந்தால், நல்ல கையைத் தூக்கினால் நிறுத்துவோம் என்று முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

டி.எம்.எஸ்.ஸில் முதல் நாள் கட்டைவிரல் துடிக்கிற அளவைத் தேடிக் கண்டுபிடித்துத்தான் பலத்தை நிர்ணயிப்பார்கள். அந்தத் துடிப்பு பாதித்த கையில் வருகிறதா என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். வந்தால் மூளையிலிருந்து கைக்குப் பாதை இருக்கிறது என்று அர்த்தம். இனி எதை எதிர்பார்க்கலாம் என்பதற்கு எனக்கு மிகவும் உதவுகிற தகவல் அது.

8. அடுத்த ஒரு மணி நேரம்

இந்தப் பகுதியை மட்டுமாவது இரண்டு தடவை படியுங்கள்.

ஆரோக்கியமானவர்களிடம் நீட்ஷே, பவுலஸ் என்ற இருவரும் 2001-இல் செய்த ஆய்வில், 13 நிமிட டி.டி.சி.எஸ்.ஸின் விளைவு 90 நிமிடம் வரை நின்றது. பக்கவாதம் வந்தவர்களிடம் ஆளுக்கு ஆள் மாறும். ஆகவே பாதுகாப்பான கணக்கு: டி.டி.சி.எஸ். என்றால் ஓடும்போதே தொடங்கி, முடிந்தபிறகும் தொடர வேண்டும். டி.எம்.எஸ். என்றால் நாற்காலியிலிருந்து எழுந்த உடனே. காபி, பில், போன் எல்லாம் பிறகு.

முதல் ஐந்து நிமிடம் தோளைத் தயார் செய்யுங்கள். கையைப் பிடித்து இழுத்துத் தூக்காதீர்கள். தோள் மூட்டு தளர்ந்திருக்கும், இழுத்தால் இறங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலி, வலியால் பயிற்சியே நின்றுபோகும். உத்தரத்தில் கயிறும் கப்பியும் கட்டி நல்ல கையால் வராத கையை மேலே இழுக்கிற பழக்கமும் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் எண்ணிக்கை. அமெரிக்கப் பயிற்சி மையங்களில் கவனித்து 2009-இல் வெளியிட்டார்கள்: ஒரு வழக்கமான அமர்வில் கையால் செய்த பயனுள்ள அசைவுகள் சராசரியாக 32 மட்டுமே. விலங்குகளில் மூளை மாறுவதற்குத் தேவைப்பட்டதோ நூற்றுக்கணக்கில். பிறகு நோயாளிகளிடம் முயன்று பார்த்தபோது ஒரு மணி நேரத்தில் 300 வரை முடிந்தது. நம் இலக்கு 300. முதல் நாளே வராது. 80-இல் தொடங்கி ஏற்றுங்கள்.

எதைச் செய்வது? எல்லா வீட்டிலும் சிரித்த முகம் வரைந்த ஒரு பந்து இருக்கிறது. அதை ஓரமாக ஒதுக்கி வைத்துவிடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு பெரும்பாலும் கை மூடிக்கொள்ளத்தான் பார்க்கும், திறக்கத் தெரியாது. அமுக்கி அமுக்கி மூடுகிற பழக்கத்தையே வளர்க்க வேண்டாம். எடுப்பது மட்டுமல்ல, விடுவதும் இருக்கிற வேலையாகப் பாருங்கள்.

புளியங்கொட்டை இதற்கு அருமையானது. எப்படிப் போகும் என்று சொல்கிறேன். ஆச்சி முதலில் தோளை ஏற்றி, உடம்பையே பக்கவாட்டில் சாய்த்துக் கையைக் குழிக்குக் கொண்டுவருவார். அங்கேயே நிறுத்த வேண்டும். முதுகு நாற்காலியில் ஒட்டியிருக்கட்டும், முழங்கை நீளட்டும். அடுத்து மணிக்கட்டு தொங்கும். தொங்கிய மணிக்கட்டோடு விரல் சேராது. அடியில் மடித்த துண்டு ஒன்றை வைத்து மணிக்கட்டைக் கொஞ்சம் உயர்த்துங்கள். இப்போது கொட்டை, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலின் பக்கவாட்டுக்கும் இடையே மாட்டும். நுனியோடு நுனி சேராது. பரவாயில்லை, அப்படியே எடுக்கட்டும். எதிர்க்குழிக்கு மேல் வந்ததும்தான் கஷ்டம். விட வராது. "விடுங்க ஆச்சி" என்று கத்தினால் இன்னும் இறுகும். மணிக்கட்டை லேசாகக் கீழே மடக்கச் சொல்லுங்கள், விரல்கள் தானாகக் கொஞ்சம் திறந்து கொட்டை விழும். அந்த ஒன்று, 300-இல் ஒன்று.

சுலபமாகிவிட்டால் கடினமாக்குங்கள். பத்தில் ஏழெட்டுத் தடவை சரியாக வருகிற அளவுக்குக் கடினம் இருக்க வேண்டும். கொட்டைக்குப் பதில் சோழி, பலகையைத் தள்ளி வைப்பது, உயர்த்தி வைப்பது. சீடை மாவை உருட்டுவது, சின்ன வெங்காயம் உரிப்பது, தெரிந்தவர்களுக்குக் கொட்டான் (ஓலைக் கூடை) முடைவதன் முதல் சுற்று, சேலைக்குக் கொசுவம் மடிப்பது. பழக்கமான வேலையில் கை தன் ஞாபகத்தைத் தேடும், மனசும் ஈடுபடும். எந்த வேலையானாலும் 4-ஆம் படியில் அவர் கேட்ட வேலையை நோக்கிப் போக வேண்டும்.

கூட இருப்பவர் செய்கிற ஒரு தவறை மட்டும் குறிப்பாகச் சொல்கிறேன். பார்க்கப் பொறுக்காமல் கையைப் பிடித்துத் தாங்களே செய்துவிடுகிறார்கள். அப்போது வேலை செய்தது உங்கள் மூளை. அவர் முயன்று, திணறி, தவறவிட்டு மறுபடி எடுப்பதுதான் பயிற்சி. அறையில் டி.வி. வேண்டாம், வந்தவர்களோடு பேச்சு வேண்டாம். "ஐயா, இப்ப கை மட்டும்தான்" என்று அன்பாகச் சொல்லுங்கள்.

9. மாலையும் இரவும்

மாலையில் இன்னும் ஒரு அரைமணி நேரம், காலையில் செய்ததையே செய்யுங்கள், புதிதாக எதுவும் வேண்டாம். முடிகிறவர்களுக்கு மூச்சு கொஞ்சம் வாங்கும் அளவுக்கு நடையோ உட்கார்ந்து மிதிக்கும் சைக்கிளோ 20 நிமிடம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அதுதான் அளவு. நாடித்துடிப்பை நம்பாதீர்கள், ரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாது.

சாப்பாட்டு வேளையில் வராத கை தட்டைப் பிடிக்கவாவது வேண்டும். தூக்கம் முக்கியம் என்பதால் விருந்தாளிகளை ஒன்பது மணிக்குள் அனுப்பிவிடுங்கள்.

10. காலுக்கு

காலுக்கான மூளைப்பகுதி இரண்டு பாதிகளுக்கும் நடுவே உள்ளே தள்ளி இருக்கிறது. வெளியிலிருந்து தூண்டுவது கடினம், பலனுக்கான ஆதாரமும் குறைவு. காலுக்கு நான் தூண்டலைச் சொல்வதில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது, நடப்பது, படி ஏறுவது, இவைதான்.

செட்டிநாட்டு வீட்டில் ஆபத்து வாசப்படியிலும் தரையிலும் இருக்கிறது. உயரமான வாசப்படியை நல்ல காலால் ஏறி, வராத காலால் இறங்கக் கற்றுக்கொடுங்கள். ஆத்தங்குடித் தரையைக் கழுவிவிட்டால் காயும்வரை நடக்க விடாதீர்கள். திறந்த முற்றத்தின் ஓரத்தில் மழைத்தண்ணீர் நிற்கும் இடத்தில் கம்பி ஒன்று பொருத்திவிடுங்கள். ஒரு தடவை விழுந்து இடுப்பு முறிந்தால் இதுவரை செய்த எல்லாம் போச்சு.

11. எப்போது நிறுத்த வேண்டும்

லேசான தலைவலி, தோல் சிவப்பு, களைப்பு வரலாம், போய்விடும். கொப்புளம், விடாத தலைவலி, முகமோ கையோ தானாகத் துடிப்பது, மயக்கம் வந்தால் தூண்டலை நிறுத்தி மருத்துவரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி வந்தாலோ, முகம் புதிதாகக் கோணினாலோ, பேச்சு குழறினாலோ, நல்லாயிருந்த பக்கம் பலம் குறைந்தாலோ பயிற்சியால் வந்த களைப்பு என்று காத்திருக்காதீர்கள். உடனே 108. அடைப்பால் வந்த பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும்.

12. இரண்டு வாரம் முடிந்து ஊர் திரும்பிய பிறகு

முதல் நாள் போலவே அதே பலகை, அதே நாற்காலி, ஒரு நிமிட எண்ணிக்கை, வீடியோ. பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எண்ணிக்கை கூடாமல் இருந்தும் தோள் ஏறாமல், உடம்பு சாயாமல் எடுக்கிறார் என்றால் அது முன்னேற்றமே.

வீட்டாருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள். இந்தியாவில் 14 மருத்துவமனைகளில் 1,250 பேரை வைத்துச் செய்து 2017-இல் வெளியான அட்டெண்ட் ஆய்வில், வீட்டாரைப் பழக்கிப் பயிற்சியை அவர்கள் கையில் ஒப்படைத்ததால் ஆறாவது மாதத்தில் கூடுதல் பலன் தெரியவில்லை. எனக்கு அது வியப்பாக இல்லை. வீட்டார் பாசத்தோடு செய்கிறார்கள், ஆனால் எப்போது கடினமாக்குவது என்று பார்த்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும். வாரத்துக்கு இரண்டு நாளாவது பயிற்சியாளர் வரட்டும். வசதி இல்லாதவர்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதியுங்கள். தமிழக அரசு 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வந்து இயன்முறைப் பயிற்சி தருகிறார்கள்.

கைக்குப் போதிய அசைவு இருந்தால், பகலில் சில மணி நேரம் நல்ல கைக்கு உறை மாட்டிவிடுங்கள். நடக்கும்போதும், படி ஏறும்போதும், குளியலறையிலும் கழற்றிவிட வேண்டும். விழப்போனால் பிடித்துக்கொள்ள அந்தக் கைதான் இருக்கிறது.

இரண்டாவது சுற்றுக்குப் போகலாமா என்று மூன்று மாதம் கழித்து முடிவெடுங்கள். நோட்டையும் வீடியோக்களையும் மருத்துவரிடம் காட்டுங்கள். வீட்டில் பயிற்சி தொடர்ந்து நடந்து, முதல் சுற்றில் எண்ணிக்கை ஏறி, இப்போது அதே இடத்தில் நிற்கிறது என்றால் கேட்டுப் பார்க்கலாம். நோட்டில் தேதிகள் விட்டுப்போயிருந்தால் முதலில் ஒரு மாதம் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவாருங்கள், அதற்குப் பிறகு மருத்துவமனைக்குப் போன் போடுங்கள்.